வீடியோ இருந்தும் ஏன் விட்டார்கள்? 1992 லொஸ் ஏஞ்சல்ஸ் தீர்ப்பும் எரிந்த கடைகளும்

போன கிழமை பதினோராம் தர வகுப்பில் பாடம் கொஞ்சம் முந்தியே முடிந்துவிட்டது. மணியடிக்கக் கால் மணித்தியாலம் இருந்தது. பிள்ளைகள் ஏதாவது கதை சொல்லும்படி கேட்டார்கள். 1992 ஏப்ரல் மாதக் கடைசியில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் எரிந்த கதையைச் சொன்னோம். கையில் ஆயுதம் இல்லாத ஒரு கறுப்பினத்தவரைப் பொலிஸார் அடித்ததையும், ஒருவர் அதை வீடியோ எடுத்ததையும், வழக்கு நடந்து பொலிஸார் விடுதலையானதையும், அதன் பிறகு கொரியர்களின் கடைகள் சாம்பலானதையும் சுருக்கமாகச் சொல்லி முடித்தோம்.

பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கேட்டான்: "வீடியோ இருந்திச்சுத்தானே சேர், பிறகு எப்படி விட்டாங்க?"

நாம் வாய் திறக்குமுன் இன்னொரு மாணவி எழும்பினாள். அந்தப் பிள்ளையின் வாப்பா டவுனில் சின்னதாக ஒரு புடவைக் கடை வைத்திருக்கிறார். "தீர்ப்புச் சொன்னது வேற யாரோ. கொரியாக்காரங்கட கடைய ஏன் சேர் பத்த வெச்சாங்க?"

மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது, இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய பதிலும் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

1991 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு தாண்டிய நேரம். 25 வயதான ரொட்னி கிங் இரண்டு நண்பர்களுடன் காரில் போய்க்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் அதிவேகமாக ஓடிய காரை ரோந்துப் பொலிஸார் துரத்தினார்கள். கிங் உடனே நிறுத்தவில்லை. அவர் மது அருந்தியிருந்தார். ஒரு கொள்ளை வழக்கில் சிறையிருந்து நிபந்தனையுடன் வெளியே வந்தவர், பிடிபட்டால் மறுபடி உள்ளே போக வேண்டி வருமென்று பயந்தார். இதையெல்லாம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வரலாற்றில் அநீதி நடப்பது நல்லவர்களுக்கு மட்டும் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. குடித்துவிட்டு வாகனம் ஓட்டியவருக்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. அதை வழங்க நீதவான் இருக்கிறார், பொலிஸ்காரரின் தடிக்கு அந்த வேலை இல்லை.

கார் நின்ற இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பொலிஸார் கூடிவிட்டார்கள். சார்ஜன்ட் ஸ்டேசி கூன் பொறுப்பில் இருந்தார். மின்னதிர்ச்சி கொடுக்கும் துப்பாக்கியால் கிங் இரண்டு தடவை தாக்கப்பட்டார். பிறகு தடியடி. சுமார் 80 வினாடிக்குள் 56 அடிகளும், அவற்றைவிட உதைகளும் பின்னர் எண்ணப்பட்டன. முகத்து எலும்பு உடைந்தது, கணுக்கால் எலும்பு முறிந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவரும் தடுக்கவில்லை.

எதிரே இருந்த தொடர்மாடி வீட்டில் ஜோர்ஜ் ஹொலிடே என்ற ஒருவர் இருந்தார். குழாய் பொருத்துவது அவரது தொழில். சத்தம் கேட்டு எழும்பியவர், தன்னிடமிருந்த சிறிய வீடியோ கமெராவை எடுத்து பல்கனியிலிருந்து பதிவு செய்தார். மறுநாள் பொலிஸ் நிலையத்துக்கு அழைப்பெடுத்து விசாரித்தபோது அவருக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. பிறகே அந்த நாடாவை ஒரு உள்ளூர்த் தொலைக்காட்சியிடம் கொடுத்தார். முறைப்பாடு செய்யப் போன கிங்கின் சகோதரரையும் பொலிஸ் நிலையத்தில் ஊக்கமிழக்கச் செய்து அனுப்பிவிட்டார்கள். அந்த நாடா இல்லாவிட்டால், கைது செய்யும்போது முரண்டு பிடித்த ஒருவர் காயமடைந்தார் என்ற இரண்டு வரி அறிக்கையோடு கதை முடிந்திருக்கும்.

நாடா ஒளிபரப்பானது. உலகமே பார்த்தது. கிங் குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டார். இரண்டு கிழமைக்குள் கூன், லோரன்ஸ் பவல், திமதி விண்ட், தியடோர் பிரிசெனோ என்ற நால்வர் மீது குற்றம் சாட்டப்பட்டது.

கறுப்பின மக்கள் அப்போது என்ன நினைத்தார்கள் என்பதை விளங்கிக்கொண்டால்தான் பிறகு நடந்ததை விளங்கலாம். இப்படி அடி வாங்குவது அவர்களுக்குப் புதிதல்ல. சாட்சி கிடைத்ததுதான் புதிது. இத்தனை காலம் நாங்கள் சொன்னபோது நம்பாதவர்கள் இனிக் கண்ணால் பார்த்து நம்பித்தானே ஆக வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்.

கொஞ்சம் பின்னால் போவோம். இருபதாம் நூற்றாண்டில் தென் மாநிலங்களின் இனவொதுக்கலிலிருந்து தப்பி இலட்சக்கணக்கான கறுப்பினத்தவர்கள் வடக்குக்கும் மேற்குக்கும் இடம்பெயர்ந்தார்கள். லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தவர்களை வேறொரு சுவர் தடுத்தது. வெள்ளையர் அல்லாதவருக்கு இந்த வீட்டை விற்கவோ வாடகைக்குக் கொடுக்கவோ கூடாது என்று காணி உறுதியிலேயே நிபந்தனை எழுதியிருந்தார்கள். அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமுல்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இல்தான் தீர்ப்பளித்தது. அதற்குள் நகரத்தின் வரைபடம் எழுதப்பட்டுவிட்டது. கறுப்பினத்தவர்கள் நகரின் தெற்கில் சில பகுதிகளுக்குள் நெருக்கப்பட்டிருந்தார்கள். 1965 ஓகஸ்டில் அதே தெற்குப் பகுதியின் வட்ஸ் என்ற இடத்தில் ஒரு வாகனச் சோதனையோடு தொடங்கிய கலவரத்தில் 34 பேர் உயிரிழந்தார்கள்.

அந்த மக்களுக்குச் சோறு போட்டது டயர், மோட்டார் தொழிற்சாலைகள். 1980களின் தொடக்கத்தில் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வேலை போனது, போதைவஸ்து வந்தது, ஆயுதக் கும்பல்கள் வந்தன. கும்பல்களைப் பிடிக்கிறோம் என்று வந்த பொலிஸார், 1988இல் ஒரே வார இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை அள்ளிக்கொண்டு போனார்கள். பெரும்பாலானோர் மேல் எந்த வழக்கும் வரவில்லை.

இன்னொரு சம்பவம். 1976இல் கார் வெளிச்சமொன்று எரியவில்லை என்று நிறுத்தப்பட்ட லயன்ஸ் என்ற கறுப்பின இளைஞரின் கழுத்தைப் பொலிஸார் நெரித்தார்கள். அவர் மயங்கி விழுந்தார். இந்தக் கழுத்து நெரிப்பு முறையை நிறுத்த உத்தரவிடும்படி கேட்டு அவர் நீதிமன்றம் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1983இல் தோற்றது. மீண்டும் அவருக்கே அது நடக்கும் என்று நிரூபிக்கப்படவில்லையாம். அந்தத் தீர்ப்போடு உடன்படாத நீதியரசர் தேர்குட் மார்ஷல் ஒரு கணக்கை எழுதிவைத்தார். 1975க்குப் பிறகு லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸாரின் கழுத்து நெரிப்பைத் தொடர்ந்து இறந்தவர்கள் 16 பேர், அவர்களில் 12 பேர் கறுப்பின ஆண்கள்.

கிங் அடிவாங்கிய பிறகு அமைக்கப்பட்ட, வொரன் கிறிஸ்டோபர் தலைமையிலான ஆணைக்குழு பொலிஸ் திணைக்களத்தின் கோப்புகளைத் திறந்து பார்த்தது. 1986 முதல் 1990 வரை அளவுக்கு மீறிய பலத்தைப் பயன்படுத்தினார்கள் என்று முறைப்பாடு வந்த பொலிஸார் சுமார் 1,800 பேர். பெரும்பாலானோர் மேல் ஒன்றிரண்டு முறைப்பாடுகள்தான். ஆனால் 183 பேர் மேல் நான்கும் அதற்கு மேலும், 44 பேர் மேல் ஆறும் அதற்கு மேலும் இருந்தன. யார் அடிக்கிறார்கள் என்று திணைக்களத்துக்குத் தெரிந்தே இருந்தது. கணினியில் தட்டினால் வரும் பெயர்கள். ஒருவரும் தட்டவில்லை.

இனி இரண்டாவது காணொளி. இதைப் பலர் அறியமாட்டார்கள். அந்த மாணவியின் கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

கிங் அடிவாங்கி 13 நாள் கழித்து, 1991 மார்ச் 16 அன்று, லட்டாஷா ஹார்லின்ஸ் என்ற 15 வயதுக் கறுப்பினச் சிறுமி வீட்டுக்கு அருகிலிருந்த கடைக்குப் போனாள். கொரியக் குடும்பமொன்றின் கடை. 1.79 டொலர் விலையான தோடம்பழச் சாறுப் போத்தலை எடுத்துத் தோள்பையில் வைத்துக்கொண்டு காசாளரிடம் வந்தாள். கையில் இரண்டு டொலர் இருந்தது. கடைக்காரப் பெண் அவள் திருடுவதாக நினைத்துப் பையைப் பிடித்து இழுத்தார். சிறுமி அவரை அடித்தாள். பிறகு போத்தலை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போகத் திரும்பினாள். பின்னந்தலையில் சூடு விழுந்தது.

கடையின் கமெராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. அந்தக் கடை ஏற்கெனவே கும்பல்களின் தொல்லைக்கும் மிரட்டலுக்கும் ஆளாகியிருந்தது என்பதும் உண்மை. நவம்பரில் ஜூரிகள் அந்தப் பெண்ணைக் குற்றவாளி என்றே கண்டார்கள். 16 வருடம் வரை சிறை கொடுக்கக்கூடிய குற்றம். நீதிபதி கொடுத்தது ஐந்து வருட நன்னடத்தைக் காலம், 400 மணித்தியால சமூக சேவை, 500 டொலர் தண்டம். ஒரு நாள் கூடச் சிறை இல்லை. மேன்முறையீட்டு நீதிமன்றம் 1992 ஏப்ரல் 21 அன்று அதை உறுதி செய்தது. கிங் வழக்கின் தீர்ப்பு வர இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

அந்த எட்டு நாளைக் கற்பனை செய்து பாருங்கள். பதிவான இரண்டு காட்சிகளில் ஒன்றுக்கு விலை சொல்லியாகிவிட்டது. மற்றதற்காக மக்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். வீடியோ இருந்தும் எப்படி விட்டார்கள்?

முதல் காரணம், வழக்கு நடந்த இடம். லொஸ் ஏஞ்சல்ஸில் அந்த வீடியோவைப் பார்க்காதவர் இல்லை, இங்கே பக்கச்சார்பற்ற ஜூரி கிடைக்காது என்று பிரதிவாதிகள் வாதிட்டார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வீடியோ அமெரிக்கா முழுவதும் ஓடியது என்பது வேறு விடயம். வழக்கு பக்கத்து வென்சுரா மாவட்டத்தின் சிமி வேலி என்ற நகரத்துக்கு மாறியது. அது பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் அமைதியான புறநகர். லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸில் வேலை செய்யும் பலருக்கு அங்கே வீடு. அந்த மாவட்டத்தில் கறுப்பினத்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். பத்து வெள்ளையர்கள், ஒரு லத்தீன் அமெரிக்கர், ஒரு ஆசியர் என்று பன்னிரண்டு பேர் தெரிவானார்கள். கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை.

இனத்தைக் காரணமாக வைத்து ஜூரிகளை நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1986இலேயே சொல்லியிருந்தது. இங்கே யாரையும் அப்படி நீக்க வேண்டிய தேவையே வரவில்லை. வழக்கைத் தூக்கி வேறு ஊரில் வைத்ததும் அந்த வேலை தானாக நடந்துவிட்டது. ஒருவரும் இனத்தின் பெயரைச் சொல்லவில்லை. சட்டப்படி எல்லாம் சுத்தம். பிள்ளைகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. இனச் சமத்துவமின்மை எப்போதும் தடியோடும் கெட்ட வார்த்தையோடும் வருவதில்லை. சில நேரம் ஒரு முகவரி மாற்றமாக, கோப்பில் ஒரு கையெழுத்தாக வரும்.

இரண்டாவது காரணம், வீடியோ காட்டப்பட்ட விதம். ஓடும்போது பார்த்தால் தரையில் கிடக்கும் ஒரு மனிதனைப் பலர் சேர்ந்து அடிக்கிறார்கள். பிரதிவாதிகளின் சட்டத்தரணிகள் அதை ஓட விடவில்லை. மெதுவாக்கினார்கள், நிறுத்தினார்கள், ஒவ்வொரு சட்டமாகப் பிரித்தார்கள். இதோ இந்தக் கணத்தில் கை அசைகிறது, இதோ முழங்கால் எழுகிறது, எழும்பித் தாக்கப்போகிறான் என்று பொலிஸ்காரர் நினைத்திருக்கலாம்தானே என்று கேட்டார்கள். ஒவ்வொரு அடியும் திணைக்கள விதிக்கு உட்பட்டதே என்று நிபுணர் ஒருவர் சாட்சி சொன்னார். 56 அடிகள் ஒன்றாக இருந்தால் கொடூரம். தனித்தனியாகப் பிரித்தால் 56 தீர்மானங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம். அடிவாங்கிய மனிதர் எங்கோ மறைந்துவிட்டார். வழக்குத்தொடுநர்கள் கிங்கைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவும் இல்லை. குற்றம் சாட்டப்பட்ட நால்வரில் ஒருவரான பிரிசெனோவே, தன் சகாக்கள் கட்டுமீறி நடந்தார்கள் என்று சாட்சி சொன்னார். அதுவும் எடுபடவில்லை.

பொலிஸை நம்பி வளர்ந்தவருக்கு அந்தப் படத்தில் ஆபத்தில் நிற்கும் பொலிஸ்காரர் தெரிந்தார். பொலிஸிடம் அடிவாங்கி வளர்ந்தவருக்குத் தன் மகன் தெரிந்தான். இதைத்தான் அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டும். வீடியோ தானாகப் பேசாது மகனே. அதைப் பார்க்க யாரை உட்கார வைக்கிறோம் என்பதில் பாதித் தீர்ப்பு முடிந்துவிடுகிறது.

1992 ஏப்ரல் 29, புதன்கிழமை. ஏழு நாள் ஆலோசனைக்குப் பிறகு பிற்பகல் 3.15க்குத் தீர்ப்பு வாசிக்கப்பட்டது. பவல் மேலிருந்த ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிகள் உடன்பாட்டுக்கு வரவில்லை. மற்ற எல்லாவற்றிலிருந்தும் நால்வரும் விடுதலை.

அதிர்ந்தவர்கள் கறுப்பினத்தவர்கள் மட்டுமல்ல. வெள்ளையர்களிலும் பெரும்பான்மையானோர் தீர்ப்போடு உடன்படவில்லை என்று கருத்துக்கணிப்புகள் காட்டின. ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷும் அந்த வீடியோவோடு இந்தத் தீர்ப்பு எப்படிப் பொருந்துகிறது என்று விளங்கவில்லை என்ற கருத்தில் நாட்டுக்கு உரையாற்றினார். லொஸ் ஏஞ்சல்ஸின் முதல் கறுப்பின மேயர் டொம் பிராட்லி, தானே அந்த நகரத்துப் பொலிஸில் வேலை செய்தவர். நாம் கண்ணால் கண்டதை இந்தத் தீர்ப்பு மறைக்காது என்ற பொருளில் பேசினார். அன்று மாலை ஒரு பெரிய தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடி அமைதி காக்கும்படி பிரார்த்தித்தார்கள். பொலிஸ் தலைமையகத்துக்கு முன்னால் எல்லா இனத்தவரும் சேர்ந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த தீ இதையெல்லாம் மறைத்துவிட்டது.

தெற்கில் புளோரன்ஸ், நோர்மண்டி வீதிகள் சந்திக்கும் இடத்தில் கல்லெறி தொடங்கியது. வந்த பொலிஸார் பின்வாங்கிப் போனார்கள். திரும்பி வரவில்லை. பொலிஸ் மாஅதிபர் டரில் கேட்ஸ் அந்த நேரம் நகரின் செல்வந்தர் பகுதியொன்றில் நிதி திரட்டும் கூட்டத்துக்குப் போயிருந்தார். எதற்கு நிதி? பொலிஸ் சீர்திருத்தத்துக்கான வாக்கெடுப்பை எதிர்க்க.

அந்தச் சந்தியில் ரெஜினோல்ட் டெனி என்ற வெள்ளையின லொறிச் சாரதி இழுத்துப் போடப்பட்டு அடிக்கப்பட்டார். மண்டையோடு உடைந்தது. ஹெலிகொப்டரிலிருந்து தொலைக்காட்சிகள் அதை நேரடியாகக் காட்டின. கிங்குக்கு நடந்தது இங்கே தலைகீழாக நடந்தது. அடிபட்டவருக்குத் தீர்ப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை வீட்டிலிருந்து பார்த்த நான்கு கறுப்பினத்தவர்கள் பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவரை அவருடைய லொறியிலேயே ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். டெனி உயிர் பிழைத்தார். வகுப்பில் இந்த நால்வரைச் சொல்ல மறந்துவிட்டோம். அது நமது பிழை.

அன்றிரவு தொடங்கிய தீ அடங்கப் பல நாள் எடுத்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்களும் லத்தீன் அமெரிக்கர்களும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். சேதம் சுமார் நூறு கோடி டொலர். ஊரடங்குச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது.

இனி அந்த மாணவியின் கேள்வி. கொரியர்களின் கடைகள் ஏன்?

1965இல் அமெரிக்காவின் குடிவரவுச் சட்டம் மாறிய பிறகு கொரியர்கள் பெருமளவில் வந்தார்கள். படித்தவர்கள் பலர். ஆங்கிலம் வராததால் படித்த வேலை கிடைக்கவில்லை. குடும்பமாகச் சேர்ந்து காசு போட்டுச் சிறு கடைகளை வாங்கினார்கள். கடை எங்கே மலிவு? பெரிய நிறுவனங்களும் வங்கிகளும் கைவிட்டுப் போன கறுப்பினப் பகுதிகளில். காலை முதல் நள்ளிரவு வரை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று வியாபாரம் செய்தார்கள். வாங்க வருபவர் தன் தெருவில் தனக்கொரு கடை இல்லையே என்று பார்த்தார். விற்பவர் இவன் திருடுவானோ என்று பார்த்தார். இருவரையும் அந்தத் தெருவுக்குள் தள்ளிவிட்டவர்கள் அங்கே வாழவில்லை. லட்டாஷாவின் மரணமும் அந்தத் தண்டனையும் அந்தப் பகைக்கு நெருப்பு வைத்தன.

தீர்ப்புச் சொன்னது சிமி வேலி. எரிந்தது சவுத் சென்ட்ரலும் கொரியர் நகரும். சிமி வேலியில் ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. கோபத்துக்குத் தொலைவில் இருக்கும் நீதிமன்றத்துக்குப் போக வாகனம் கிடைப்பதில்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பலவீனமான கதவையே அது தட்டுகிறது. கொரியர்களுக்குச் சொந்தமான சுமார் 2,300 கடைகள் சேதமாகின. இழப்பு சுமார் 40 கோடி டொலர். பலரிடம் முறையான காப்புறுதி இல்லை. பொலிஸுக்கு அழைப்பெடுத்தார்கள், ஒருவரும் வரவில்லை. சிலர் துப்பாக்கியோடு கூரையில் ஏறிக் காவல் இருந்தார்கள். அப்படிக் கடைகளைக் காக்கப் போன 18 வயதுக் கொரிய இளைஞன் ஒருவன், குழப்பத்தில் தன் இனத்தவரின் சூட்டுக்கே இரையானான்.

மே 2ஆம் திகதி சுமார் முப்பதாயிரம் பேர் கொரியர் நகரில் ஊர்வலம் போனார்கள். கடை எரிந்தவர்கள் அவர்கள். சமாதானம் வேண்டுமென்று கேட்டார்கள், ரொட்னி கிங்குக்கு நீதி வேண்டுமென்றும் கேட்டார்கள். கொரியர்கள் அந்த நாளை இன்றும் "ச-இ-கு" என்பார்கள். நான்கு, இரண்டு, ஒன்பது. நான்காம் மாதம் 29ஆம் திகதி. வேறு பெயர் வைக்கவில்லை, திகதியே பெயராகிவிட்டது.

நமக்கும் அப்படிச் சில வருடங்கள் உண்டு. 1915, 2014, 2018 என்று எழுதினாலே போதும், இதை வாசிக்கும் உறவுகளுக்கு விளக்கம் தேவையில்லை. கடை வைத்துப் பிழைக்கும் சமூகத்தில் பிறந்த நமக்கு இந்தக் கதையில் கொரியர்களின் பக்கம் உட்காருவது இலகு. அந்தப் பிள்ளை அங்கேதான் உட்கார்ந்து கேட்டாள், அவளில் பிழையில்லை. ஆனால் ஒரு வரலாற்று ஆசிரியர் அங்கேயே எழும்பாமல் இருந்துவிடக் கூடாது. இரண்டு டொலரைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போன சிறுமியின் பக்கமும் போய் உட்கார வேண்டும். கடையை எரித்தது அநியாயம், அதில் இரண்டாம் பேச்சில்லை. காரணத்தை ஆராய்வது அதை நியாயப்படுத்துவதாகாது. காரணத்தைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அடுத்த தீயை எங்கே அணைப்பது என்றே தெரியாமல் போகும்.

மீதியையும் சொல்லிவிடுகிறோம். மே 1ஆம் திகதி ரொட்னி கிங் கமெராக்களுக்கு முன்னால் வந்து, தட்டுத் தடுமாறி, நாமெல்லாம் ஒத்துப்போக முடியாதா என்ற பொருளில் கேட்டார். அடிவாங்கியவரே அப்படிக் கேட்டார். மக்கள் விளக்குமாறு, மண்வெட்டிகளோடு வந்து தெருக்களைக் கூட்டினார்கள். ஜூன் 2ஆம் திகதி நகர மக்கள் வாக்களித்து, பொலிஸ் மாஅதிபரின் பதவிக்காலத்துக்கு வரையறை கொண்டுவந்தார்கள். கேட்ஸ் அந்த மாதமே பதவி விலகினார்.

அதே நால்வர் மேல் இம்முறை மத்திய அரசு வழக்குப் போட்டது. அடித்த குற்றத்துக்கல்ல, பதவியின் பலத்தால் ஒரு மனிதனின் அரசியலமைப்பு உரிமையைப் பறித்த குற்றத்துக்கு. இந்த வழக்கு லொஸ் ஏஞ்சல்ஸிலேயே நடந்தது. ஜூரிகளில் இரண்டு கறுப்பினத்தவர்கள் இருந்தார்கள். கிங் சாட்சி சொன்னார். வீடியோ அதே வீடியோதான். 1993 ஏப்ரல் 17 அன்று கூனும் பவலும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. மற்ற இருவரும் விடுதலை. குற்றவாளிகளுக்கு 30 மாதச் சிறை. போதாது என்று பலர் சொன்னார்கள். ஆனால் அந்தத் தீர்ப்பு நாளில் நகரம் எரியவில்லை. 1994இல் கிங்குக்கு 38 இலட்சம் டொலர் நட்டஈடு தீர்ப்பானது. அதே வருடம், உரிமைகளைத் தொடர்ந்து மீறும் பொலிஸ் திணைக்களங்கள் மேல் மத்திய நீதித் திணைக்களமே வழக்குப் போடலாம் என்ற சட்டம் வந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸும் பின்னர் அந்தச் சட்டத்தின் கீழ் பல வருடம் நீதிமன்றக் கண்காணிப்பில் இருக்க வேண்டி வந்தது. ரொட்னி கிங் 2012இல், 47ஆவது வயதில், வீட்டு நீச்சல் தடாகத்தில் இறந்து கிடந்தார்.

1992க்கும் 1993க்கும் இடையில் மாறியது என்ன? வீடியோ மாறவில்லை, அடித்தவர்கள் மாறவில்லை. வழக்கு நடந்த இடமும், ஜூரி ஆசனத்தில் இருந்தவர்களும், அடிபட்டவரைப் பேச விட்டதும்தான் மாறியது. இடையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஜனாஸாக்கள் விழுந்தன. அந்த மாற்றத்தை முதலிலேயே செய்திருக்கலாம் என்பதுதான் இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பக்கம்.

நாளை முதல் பாடவேளை அதே வகுப்பு. பையனுக்கும் மாணவிக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லப்போகிறோம்: எல்லோருக்கும் கேட்கும்படி நீதி வழங்கப்படாத ஊரில், தீர்ப்பின் விலையைக் கட்டுவது குற்றவாளியும் அல்ல, நீதிபதியும் அல்ல. யாரோ ஒரு வாப்பாவின் கடைதான்.

அதற்குப் பிறகு அந்த நான்கு பேரின் கதையைச் சொல்வோம். லொறியோடு வைத்தியசாலைக்கு ஓடியவர்கள். போன முறை அதைச் சொல்லாமல் விட்ட கடன் நமக்கு இருக்கிறது.